சக்கரப் பொருத்தம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள் என்பதை நாம் அறிவோம். மிதிவண்டிச் சக்கரத்திற்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். கையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை வைத்துக்கொண்டு, கியர் வைத்த பந்தய வண்டி ஒன்றிற்குப் பின்சக்கரம் தேடி மூன்று வாரம் அலைந்தவனுக்குத்தான் தெரியும், ஒரு சக்கரத்தின் சாதகம் எவ்வளவு நீளமானது என்று!

அந்த வண்டி என் கைக்கு வந்த வரலாறு சிறியது. என் பெரியப்பா மகன் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலராக இருக்கிறார். அங்கே குடியிருந்த ஒருவர் வீட்டைக் காலி செய்து வெளிநாடு சென்றபோது, கீழ்த்தளத்தில் தூசி படிந்து கிடந்த தம் வண்டியை, "உங்கள் ஊரில் படிக்கிற பையன் யாராவது இருந்தால் கொடுங்கள்" என்று சொல்லி விட்டுச் சென்றாராம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்த வண்டி ஓசூர் வழியாக வந்த ஒரு காய்கறி வேனில் ஏறி, கிருஷ்ணகிரியில் இறங்கி, எங்கள் வீட்டுத் திண்ணையோரம் வந்து நின்றது. வளைந்த கைப்பிடி, மெல்லிய டயர், மிதிகட்டை அருகே இரண்டு பல்சக்கரம், பின்னால் எட்டு. அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "கேரியர் எங்கடா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

எங்கள் ஊருக்கும் கல்லூரிக்கும் 13 கிலோமீட்டர். இடையில் இரண்டு ஏற்றம். அப்பாவின் கறுப்பு வண்டியில் வந்தால் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். இந்த வண்டியில் நாற்பது நிமிடம். இதில் என்ன பெரிய ஆதாயம் என்று கேட்கலாம். செய்முறை வகுப்பு முடிவது மாலை நாலரைக்கு. எங்கள் ஊர்ப் பேருந்து புறப்படுவது நாலேகாலுக்கு! அடுத்த பேருந்து ஆறே முக்காலுக்குத்தான். வண்டி இருந்தால் ஐந்தேகாலுக்கு வீட்டில் இருப்பேன். இரண்டு மாட்டுக்கும் தண்ணீர் காட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே செய்முறை ஏட்டை எழுதி முடிப்பேன். வண்டி இல்லாவிட்டால் செய்முறையைப் பாதியில் விட்டு ஓட வேண்டும், அல்லது இருட்டிய பின் வீடு சேர வேண்டும். அம்மா ஒருத்தியே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சக்கரத்தில் இத்தனையும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கல்வெட்டுப் பாலத்தின் தலைப்பில் தார் பெயர்ந்து ஒரு குழி உண்டாயிற்று. எதிரே லாரி விளக்கு. குழி நிறையத் தண்ணீர். பின்சக்கரம் இறங்கி ஏறியது. அன்று ஒரு கம்பி அறுந்தது. அந்த வாரத்திலேயே மேலும் இரண்டு. ரிம்மில் கட்டைவிரல் அகலத்திற்கு உள்வாங்கிய ஒரு பள்ளம். சக்கரம் சுற்றும்போது பாம்பு நெளிவது போல நெளிந்து, பிரேக் கட்டையில் உரசிக்கொண்டே போயிற்று.

சந்தைப்பேட்டை வழியில் ஒரு பாய் முப்பத்தைந்து ஆண்டாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். வாடகை சைக்கிள் ஓடிய காலத்தில் பதினெட்டு வண்டி நின்ற கடை. இப்போது பஞ்சரும் ஓவராயிலும்தான். அவர் சக்கரத்தைக் கழற்றி, அச்சை இரு விரலில் பிடித்துச் சுழற்றி, காதருகே வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, ரிம்முக்கு உயிர் போயிடுச்சு. பெண்டு எடுத்தா நிக்காது. ஆனா ஹப்புக்கு ஒண்ணுமே ஆகல. நல்ல ஹப்பு. அதைத் தூக்கிப் போட்டுடாதே."

இந்தக் கடைசி வாக்கியம் என் மனத்தில் ஆழமாக இறங்கியது. எனினும், மற்றக் கடைகளிலும் விசாரிப்போமே என்று எண்ணினேன். பணம் செலவிடும் முன் நான்கு இடத்தில் கேட்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

கியர் வண்டிகள் விற்கும் பெரிய கடை ஒன்றில், கண்ணாடிப் பேழைக்குள் ஓர் இணைச் சக்கரம் தொங்கியது. விலை பதினோராயிரத்து ஐந்நூறு. தனியாகப் பின்சக்கரம் மட்டும் தரமாட்டார்களாம். இன்னொரு கடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்திற்குத் தயார்ச் சக்கரம் இருந்தது. "எல்லா வண்டிக்கும் சேரும்" என்றார் கடைக்காரர். எல்லாவற்றுக்கும் சேரும் என்ற பொருளை நான் எப்போதும் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன். பெங்களூரில் யாரோ விற்கும் பழைய இணைச் சக்கரம் ஒன்றின் படத்தைப் பெரியப்பா மகன் கைப்பேசியில் அனுப்பினார். விலை மூவாயிரத்து ஐந்நூறு. குறைகிற ஆயிரத்தைத் தாமே போடுவதாகவும் சொன்னார். நான்காவது வழி பாய் சொன்னது: அதே ஹப், புது ரிம், புதுக் கம்பி.

பொருத்தம் பார்க்கத் தொடங்கினேன். முதற்பொருத்தம் விட்டம். இதில்தான் பெயர்கள் நம்மை ஏய்க்கின்றன! அப்பாவின் கறுப்பு வண்டியின் டயரில் 28 × 1½ என்று இருக்கும். பந்தய வண்டியின் டயரில் 700 சி என்று இருக்கும். இரண்டையும் "இருபத்தெட்டு இஞ்சு" என்றே கடைகளில் சொல்கிறார்கள். பார்வைக்கு உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தின் விட்டத்தை அளந்தால், கறுப்பு வண்டிக்கு 635 மி.மீ.; பந்தய வண்டிக்கு 622 மி.மீ. இடையிலே 27 × 1¼ என்று பழைய பந்தய வண்டிகளுக்கு ஓர் அளவு உண்டு, அது 630. பதின்மூன்று மி.மீ. என்ன செய்துவிடும் என்று கேட்காதீர்கள். 622 டயரை 635 ரிம்மில் ஏற்ற எவராலும் இயலாது. 635 ரிம்மை இந்த வண்டியில் மாட்டினாலோ, பிரேக் கட்டை ஆறரை மி.மீ. கீழே பிடிக்கும். 700 என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். டயர் ஏறிய பின் வெளிவிட்டம் சுமார் 700 மி.மீ. வரும் என்பது அதன் பொருள். ஏ, பி, சி என்பவை டயரின் பருமனைக் குறித்தன. இன்றைய மெல்லிய டயரோடு அளந்தால் 700 வருவதில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. டயரின் பக்கவாட்டில் சிறிய எழுத்தில் 25-622 என்பது போல ஓர் எண் இருக்கிறதல்லவா, அதுதான் உண்மையான சாதகம். அதைத் துடைத்துப் படித்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

அடுத்தது அச்சின் அகலம். பின்கவைக்குள் ஹப் நுழைய வேண்டிய இடைவெளி இவ்வகைப் பந்தய வண்டியில் 130 மி.மீ. அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்ச் சக்கரம் 135. "அஞ்சு மில்லிதானே, கொஞ்சம் விரிச்சுப் போட்டுடலாம்" என்றார் கடைக்காரர். அப்பாவின் வண்டியாக இருந்திருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். இரும்புச் சட்டம் வளைத்தால் வளைந்து அப்படியே நிற்கும். என் வண்டியின் சட்டமோ அலுமினியம். அதைக் குளிர்ந்த நிலையில் வளைத்தால் பற்றவைத்த இடத்தில் விரிசல் காணும். சக்கரம் வாங்கப் போய் வண்டியையே இழப்பதா?

பல்சக்கரம் ஏறும் முறையும் வேறு. பழைய முறையில் பற்களும், பின்னால் சுற்றினால் 'கிர்கிர்' என்று ஓசையிடும் உறுப்பும் ஒரே துண்டு. அதை ஹப்பின் மேல் திருகி ஏற்றுவார்கள். அதுவே நம் கடைகளில் ஃபிரீவீல் எனப்படுவது. என் வண்டியில் அந்த ஓசையிடும் உறுப்பு ஹப்போடு சேர்ந்தது. பற்கள் மட்டும் தனியே அடுக்காகச் செருகப்படுகின்றன. அதனால் அச்சைத் தாங்கும் குண்டுகள் வலப்புற ஓரம்வரை தள்ளி அமர்கின்றன. அச்சு எளிதில் வளைவதில்லை. அந்த மலிவுச் சக்கரம் திருகு முறை. அதை வாங்கினால் என் எட்டுப் பல்லடுக்கு வீண். புதிதாக வேறொன்று வாங்க வேண்டும். பிறகு கியர் மாற்றும் பிடியும் அதற்கு ஒத்துவராது. ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்பது நான்காயிரத்தில் போய் நிற்கும். மலிவு என்பது விலைச்சீட்டில் எழுதியிருப்பதன்று.

சரி, பெரிய கடையின் பதினோராயிரத்து ஐந்நூறைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது எனக்கு எட்டாத பொருள் என்பதால் பழிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். நரி திராட்சைக் கதை எனக்கும் தெரியும். அங்கே இருந்த விற்பனையாளர் நல்லவர். "சக்கரத்தில் ஒரு கிராம் குறைந்தால் வண்டியில் இரண்டு கிராம் குறைந்ததற்குச் சமம்" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு முதலாண்டு இயந்திரவியல் பாடம் நினைவுக்கு வந்தது. உருளும் வளையத்திற்கு நேர்கோட்டு இயக்க ஆற்றல் ஒரு பங்கு, சுழற்சி ஆற்றல் இன்னொரு பங்கு. ஆக இரு மடங்கு. அவர் சொன்னது உண்மையே! ஆனால் அது வேகம் பிடிக்கும்போது மட்டும். ஏற்றத்தில் சீராக மிதிக்கும்போது ஒரு கிராம் ஒரு கிராம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் எடை 56 கிலோ, வண்டி 11, பை 4, ஆக 71. அந்த விலையுயர்ந்த சக்கரத்தின் விளிம்பில் 300 கிராம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் பிடிக்கையில் 600 கிராம் ஆதாயம். நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. ஏற்றத்திலோ நூற்றுக்கு அரைப் பங்கும் வரவில்லை. நான் தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழுவதும் நிரப்பிக்கொண்டு வருகிறேன். அதைப் பாதியாக நிரப்பினால் 500 கிராம் குறைந்துவிடும். கல்லூரியில் குடிநீர்க் குழாய் இருக்கிறது. மறுநாளிலிருந்து பாதிதான்!

எனக்கு அந்தச் சக்கரத்தில் உண்மையாகவே பிடிக்காதது வேறொன்று. அதில் பின்னால் 24 கம்பிகள்தாம். கம்பி குறையக் குறைய ஒவ்வொன்றின் மேலும் பாரம் ஏறும். ஒன்று அறுந்தால் சக்கரம் உடனே வளைந்து பிரேக்கில் மாட்டிக்கொள்ளும். கம்பியும் சாதாரணக் கம்பியன்று, தலையில் வளைவே இல்லாத தனி வகை. கிருஷ்ணகிரியில் எந்தக் கடையில் கிடைக்கும்? அப்பாவின் கறுப்பு வண்டியில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற மரபு அது. பின்சக்கரத்தில்தான் ஆளின் எடையும் மூட்டையின் எடையும் பெரும்பாலும் இறங்குகின்றன. ஆகவே அங்கே கம்பி அதிகம். அதில் இரண்டு அறுந்த நிலையிலும் அப்பா தீவனக் கட்டோடு வீடு வந்து சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் ஹப்பில் 32 துளை. ஒன்று அறுந்தாலும் பிரேக்கைச் சற்றே தளர்த்திவிட்டு வீடு சேரலாம். நான் என்னையே கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இது உடைகிற அன்று, எவ்வளவு தொலைவில் இதைச் சரிசெய்யும் ஆள் இருக்கிறார்?

பழைய சக்கரம் நல்ல வழிதான், நேரில் பார்க்க முடிந்தால். ரிம்மின் பக்கச் சுவரில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் தேய்த்துத் தேய்த்து உட்குழிந்திருந்தால், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தில் ஒருநாள் சுவர் பிளந்துவிடும். சில ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு பள்ளக்கோடோ சிறு குழியோ வைத்திருப்பார்கள். அது மறைந்துவிட்டால் ரிம்மின் காலம் முடிந்தது. கம்பி நுழையும் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். அண்ணன் அனுப்பிய படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வலப்புறத் துளை ஒன்றைச் சுற்றி நட்சத்திரம் போல ஒரு கோடு. அழுக்காகவும் இருக்கலாம். வேறு கோணத்தில் ஒரு படம் கேட்டோம். விற்பவரிடமிருந்து பதில் வரவில்லை. ஆயிரம் ரூபாய் கடனோடு ஐயத்தையும் சேர்த்து வாங்க என் மனம் ஒப்பவில்லை. "வேண்டாம் அண்ணா" என்று சொல்லிவிட்டேன். முன்சக்கரமோ நல்ல நிலையில் இருந்தது, சுவர் தேயவில்லை. பின்சக்கரத்தை மட்டும் பார்ப்பது என்று முடிவாயிற்று.

ஆக, பாய் முதல் நாளே சொன்ன வழிதான். பெங்களூரில் இருந்து ரிம்மை வாங்கிவர அண்ணனிடம் நான் எழுதி அனுப்பிய குறிப்பு இது: 622, முப்பத்திரண்டு துளை, இரட்டைச் சுவர், துளைகளில் வளையம் பதித்தது, வால்வ் துளை பெரியது. கடைசிச் சொல்லைச் சற்று விளக்க வேண்டும். பந்தய வண்டிகளின் டியூபில் மெல்லிய வால்வ் இருக்கும். அதற்கான துளை ஆறரை மி.மீ. எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைகளின் காற்றுக் குழாய் அதில் பொருந்தாது. பெரிய துளை எட்டரை மி.மீ. அதில் மோட்டார் சைக்கிள் வால்வ் உள்ள டியூபைப் போட்டால் எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் காற்றுப் பிடிக்கலாம். சிறு துளை மேல் என்பார்கள் பந்தய வீரர்கள். அவர்கள் பின்னால் பழுது பார்க்கும் வண்டி வருகிறது. என் பின்னால் வருவது செம்மறி மந்தை!

இங்கே சற்று நின்று, சக்கரம் என்னும் விந்தையைப் பற்றிச் சில சொற்கள் கூற ஆசிரியர் குழு இடம் தருமென நம்புகிறேன். மாட்டு வண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் தூணைப் போலப் பாரத்தைத் தாங்குகிறது. மிதிவண்டிக் கம்பியோ இரண்டு மி.மீ. பருமன், மேலிருந்து அமுக்கினால் ஈர்க்குச்சி போல வளைந்துவிடும். பிறகு எப்படி ஓர் ஆளைத் தாங்குகிறது? 1808-இல் ஜார்ஜ் கெய்லி என்னும் ஆங்கிலேயர், இழுத்துக் கட்டிய கம்பிகளால் சக்கரம் செய்யலாம் என்று எண்ணினார். அவர் நினைத்தது பறக்கும் பொறிக்கு. 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளை நடுவிலிருந்து நேராக ஓட்டாமல், ஹப்பின் விளிம்பைத் தொட்டுச் சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மிதிக்கும் விசையை ரிம்மிற்குக் கடத்த அந்தச் சாய்வு வேண்டும். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் அடிப்படை மாறவே இல்லை.

ஹப் மேல் கம்பிகளில் தொங்குகிறதா, கீழ்க் கம்பிகளில் நிற்கிறதா? இதைப் பற்றி எங்கள் வகுப்பில் ஒரு மதிய வேளை முழுவதும் வாதம் நடந்தது. தொங்குகிறது என்பவரே மிகுதி. கம்பியால் இழுக்கத்தானே முடியும் என்பது அவர்கள் கட்சி. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-இல் வெளியிட்ட மிதிவண்டிச் சக்கரம் பற்றிய நூலில் இதற்குக் கணக்கோடு விடை கண்டார். பாரம் ஏற்றினால் மேல் கம்பிகளின் இழுவிசை அதிகம் மாறுவதில்லை. தரையைத் தொடும் இடத்தில் இருக்கும் சில கம்பிகளின் இழுவிசைதான் குறைகிறது. முன்பே இழுத்துக் கட்டியதில் ஒரு பகுதி குறைவது, அமுக்கித் தாங்குவதற்கு ஒப்பாகும். எனவே சக்கரம் கீழ்க் கம்பிகளில்தான் நிற்கிறது! இதிலிருந்து என் போன்றவனுக்கு ஒரு பயன் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை தளர்ந்து இறுகுகிறது. கம்பி அளவுக்கு மேல் இறுகி அறுவதைவிட, தளர்ச்சியாகக் கட்டப்பட்டு, ஆடி ஆடி, தலைப்பின் வளைவில் உலோகச் சோர்வு உண்டாகி அறுவதே மிகுதி. கம்பி நல்லதாகவும் கட்டுபவர் கை நல்லதாகவும் இருந்தால், ரிம் நடுத்தரமாக இருந்தாலும் சக்கரம் நிலைக்கும். பணத்தை எங்கே போடுவது என்பது எனக்கு அப்போது தெளிவாயிற்று. துத்தநாகப் பூச்சுக் கம்பியை விட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே வாங்கச் சொன்னேன்.

எத்தனை மி.மீ. நீளம்? ரிம் மாறினால் பழைய கம்பியின் அளவு ஒத்துவராது. பதினோராம் வகுப்பில் படித்த கொசைன் விதி இங்கே உதவியது. ரிம்மில் கம்பி சென்று முடியும் வட்டத்தின் ஆரம் 300 மி.மீ.; ஹப் விளிம்பின் துளை வட்டத்தின் ஆரம் இருபத்திரண்டரை; ஒரு பக்கத்திற்குப் பதினாறு கம்பி, மூன்றைக் கடப்பதால் கோணம் அறுபத்தேழரை பாகை. ஹப்பின் நடுவிலிருந்து வலவிளிம்பு பதினேழரை மி.மீ. தொலைவிலும், இடவிளிம்பு 37 மி.மீ. தொலைவிலும் இருந்தன. பல்லடுக்கு வலப்பக்கத்தில் இடம் பிடிப்பதால் வந்த வேறுபாடு இது. விடை: வலப்புறம் 291, இடப்புறம் 293. தாளைக் கொண்டுபோய்ப் பாயிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு துண்டுக் கம்பியை ரிம்மின் எதிரெதிர்த் துளைகளில் நிப்பிளோடு மாட்டி, இடையே நூலைப் பிடித்து, அந்த நூலை மேசை விளிம்பில் வெட்டி வைத்திருந்த கோடுகளின் மேல் வைத்தார். பின் ஹப்பை வைத்து இன்னொரு நூல். "ரைட்டுல 290, லெஃப்டுல 292" என்றார். ஒரு மி.மீ. வேறுபாடு! நிப்பிளின் மரைக்குள் அடங்கிவிடும் வேறுபாடுதான். "உன் கணக்குப்படியே வாங்கிடு, ஒரு மில்லி கூட இருந்தா மரை நல்லாப் பிடிக்கும்" என்றார் அவர். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அண்ணன் எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தார்.

அன்று மாலை பாய் என்னையே கம்பி கோக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் கோத்தேன்: இரண்டைத் தாண்டி, மூன்றாவதைக் கடக்கும்போது அடியில் நுழைத்து, ரிம்மின் துளைக்குள். முப்பத்திரண்டும் நின்றபோது சக்கரம் பூக்கூடை போல ஆடியது. அதன் பிறகு வேலை அவருடையது. சுவரில் அடித்து வைத்திருந்த ஒரு பழைய கவையில் சக்கரத்தை மாட்டி, சுண்ணாம்புக் கட்டியை ரிம்மருகே பிடித்துச் சுழற்றினார். எங்கே வெள்ளைக் கோடு விழுகிறதோ அங்கே எதிர்ப்புறக் கம்பிக்குக் கால் திருகு. பிறகு சக்கரத்தைத் திருப்பிப் போட்டு நடு சரியா என்று பார்த்தார். இடையிடையே இரண்டிரண்டு கம்பிகளாகச் சேர்த்துப் பிடித்து முழுப் பலத்தோடு அமுக்கினார். தலைப்பின் வளைவில் தங்கியிருக்கும் தகைவு இந்த அமுக்கலால் நீங்குகிறது என்று பிராண்ட் விளக்கியிருக்கிறார். பாயிடம், "ஏன் அமுக்குறீங்க?" என்று கேட்டேன். "எங்க உஸ்தாத் அமுக்கச் சொன்னார், அமுக்குறேன். அமுக்காம விட்டது எல்லாம் திரும்பி வந்திருக்கு."

அடுத்து அவர் செய்ததுதான் என்னை வியப்பில் ஆழ்த்தியது. திருகுசாவியின் முனையால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுழற்றினார். வலப்புறக் கம்பிகள் ஒரே சுருதியில் ஒலித்தன. ஒன்று மட்டும் மந்தமாக. உடனே அதற்கு அரைத் திருகு. நாங்கள் ஆய்வகத்தில் சோனாமீட்டர் என்னும் சுரமானியை வைத்துக்கொண்டு, கம்பியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்க மூலத்திற்கு நேர்விகிதம் என்று நிறுவப் பெரும்பாடு படுகிறோமே, அது இந்தக் கடையில் நாள்தோறும் நடக்கிறது! இடப்புறக் கம்பிகள் தாழ்ந்த சுருதியில் ஒலித்தன. "இந்தப் பக்கம் லூசா இருக்கே பாய்?" என்றேன். "அது அப்படித்தான் தம்பி. கியர் பக்கம் கம்பி செங்குத்தா நிக்குது. அது முறுக்கா இல்லேன்னா சக்கரம் நடுவுல நிக்காது" என்றார். விளிம்புத் தொலைவுகள் பதினேழரைக்கு முப்பத்தேழு அல்லவா? அதனால் இடப்புற இழுவிசை வலப்புறத்தில் ஏறக்குறையப் பாதி. பாதியின் வர்க்க மூலம் 0.7. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தேன்; விகிதம் அதற்கு மிக அருகில் வந்தது. பேராசிரியரிடம் மறுநாள் சொன்னபோது, "இதை ஏட்டில் ஒரு பக்கம் எழுதிவை" என்றார்.

கணக்கையும் எழுதிவிடுகிறேன், இதைப் படிக்கிற எவருக்கேனும் பயன்படும். ரிம் 1,150. கம்பி ஒன்று 18 வீதம் முப்பத்துநான்கு, 612. ஹப்பைக் கழற்றிப் பழைய குண்டுகளை மாற்றிப் பக்கத்திற்கு ஒன்பதாகப் புதுக் கால் அங்குலக் குண்டுகள் போட்டு, புதுக் கிரீஸ் வைத்ததற்கு 80. ரிம் நாடா 40. பாயின் கூலி 300. ஆக 2,182 ரூபாய். கோடை விடுமுறையில் மாங்கூழ் ஆலையில் கூடை இறக்கிய பணமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்கு வந்த மாத ஆயிரத்தில், தேர்வுக் கட்டணம் போக மிஞ்சியதும் சேர்ந்த இரண்டாயிரத்து ஐந்நூறில் 318 ரூபாய் மீதம். கூலியாக முந்நூறு குறைவு என்று எனக்குத் தோன்றியது. ஐந்நூறாக நீட்டினேன். பாய் இருநூறைத் திருப்பி என் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "பாதி வேலை நீதானே செஞ்சே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டியைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வண்டியின் நாற்பது கம்பிச் சக்கரமும் அதே பாய் கட்டியதுதான் என்று அன்றுதான் சொன்னார். பிறகு இரு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார். "இறுக்கந்தான்" என்றார். கேரியரைப் பற்றி அப்புறம் கேட்கவே இல்லை.

முதல் நாள் ஓட்டும்போது கம்பிகள் முறுக்கு விட்டு 'டிங் டிங்' என்று ஒலித்தன. 200 கிலோமீட்டர் ஆனதும் மீண்டும் கொண்டுவரும்படி பாய் சொல்லியிருந்தார், கொண்டுபோனேன். இடப்புறத்தில் நான்கு கம்பிக்கு மட்டும் கால் திருகு கொடுத்தார், காசு வாங்கவில்லை. இதை எழுதும் இன்றைக்கு 1,900 கிலோமீட்டர் ஆகிவிட்டது. கம்பி ஒன்றும் அறவில்லை. அந்தக் கல்வெட்டுப் பாலத்துக் குழியை இன்னும் மூடவில்லை. நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். மிஞ்சிய இரண்டு கம்பிகளை, ஒன்று 291, ஒன்று 293, பின்கவையோடு சேர்த்துக் கறுப்பு நாடாவால் சுற்றி வைத்திருக்கிறேன். அளவை நாடாவின் மேல் வெள்ளை மையால் எழுதியிருக்கிறேன். முன்சக்கரத்தின் சுவர் இன்னும் ஓர் ஆண்டுக்குத் தாங்கும் என்கிறார் பாய். மாங்காய்ப் பருவம் வரட்டும்; அதற்கும் ஒரு ரிம் பார்க்க வேண்டும்.